உறையும் மண்

கீழப்பழுவூரில் வளர்ந்த எனக்கு மண் என்றால், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்தான். மண்ணும் உறையும் என்பதை, உதகையை அடுத்த தலைகுந்தாவில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி வீட்டில் ஒரு தை மாதத்தில் கண்டேன்.

அன்று மாலை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நான் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் சித்தியோ, "ஒரு மேகங்கூட இல்லையேம்மா, ராத்திரி கொட்டிடுமே!" என்று முகம் வாடினார். காரணம் உண்டு, தோழியரே. பகலில் வாங்கிய வெப்பத்தை மண் இரவில் வெளியே விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். காற்று வீசினால் மேலே உள்ள இளஞ்சூடு கீழே வந்து கலக்கும். இரண்டும் இல்லாத இரவே உறைபனியின் இரவு.

உயரம் ஏற ஏறக் குளிர் கூடும் என்று பாடத்தில் படிக்கிறோம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவை விட்டுவிட்டு, தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளங்களை ஏன் உறைபனி தேடி வருகிறது? குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். மரங்கள் அடர்ந்த சோலைக்குள் அவ்வளவாக இறங்காத பனி, பக்கத்துப் புல்வெளியில் உப்பைக் கொட்டியதுபோல் கிடக்கும். ஈரமண் வெப்பத்தைச் சற்றுப் பிடித்து வைக்கும். காய்ந்த மண் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

சித்தியும் அக்கம்பக்கத்தாரும் இருட்டுவதற்குள் தாகைச் செடிகளை வெட்டி வந்து தேயிலையின் மேல் பரப்பினார்கள். எல்லாச் செடிக்கும் போதவில்லை. வெயில் ஏறியதும் மூடாத செடிகள் கருகின. அவை மீண்டும் துளிர்க்கப் பல வாரங்கள் ஆகும். பறிக்க இலை இல்லையேல் கூலி ஏது?

நீலகிரியில் உறைவது மேல்மண் மட்டுமே. காலை வெயிலில் இளகிவிடும். இராணுவத்தில் லடாக்கில் இருந்து வந்த சித்தி மகன் அண்ணன் சொன்னது வேறு கதை. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே பகுதியில் மாதக்கணக்கில் மண் கல்லாகிக் கிடக்குமாம். கூடார முளைகூட இறங்காதாம். வெயில் படாத வடக்குச் சரிவு தாமதமாகத்தான் இளகும். வெண்பனி கனமாக மூடிய நிலத்தைவிட, காற்று பனியை வாரிச்சென்ற வெறும் நிலமே ஆழமாக உறையும் என்றார்.

"நம்ம தாகைச் செடி மாதிரி அங்கே பனியே போர்வையா?" என்று சித்தி சிரித்தார். அன்று அவருக்கு வேலை இல்லை.