டீனாவுக்கு ஓய்வு உண்டா?

ஓய்வுபெற்ற கொலையாளி மறுபடி ஆயுதம் எடுக்கும் படங்களில் ஆணுக்கு முதலில் ஓர் ஓய்வு கிடைத்துவிடுகிறது. ‘பாட்ஷா’வில் (1995) ஆட்டோ, ‘லியோ’வில் (2023) காபிக்கடை. ‘விக்ரம்’ (2022) படத்தின் ஏஜெண்ட் டீனாவுக்கோ மாறுவேடமே வீட்டுவேலைதான். வேலைக்காரியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதுவே அவள் மறைவிடம். வசந்தி நடித்த அந்தச் சில நிமிடச் சண்டைக்குத் திரையரங்கமே கைதட்டியது. பிறகு அவள் செத்துப்போனாள்; பழிதீர்க்க நாயகன் மிஞ்சினான்.

முதுமையிலும் சீதைக்காக இராவணனோடு மோதிய ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த ஊர் எங்கள் திருப்புட்குழி என்பார்கள். கிழப்பறவையின் சண்டையை நினைக்க இங்கே கோயிலே இருக்கிறது. அறுபது வயதிலும் தறிக்குத் தார் சுற்றும் என் அம்மாவை ‘சும்மா வீட்டில் இருக்கிறாள்’ என்கிறார்கள். கூலி அப்பா பெயரில் வருகிறது. ஆயுதம் தூக்கினால்தான் ஒருத்தி கண்ணில் படுவாளா?