ஓடினால் போதுமா?

பழைய கார்களுக்குத் தானாக வரும் வியாதி பாதி. முன்பு வைத்தியம் பார்த்தவர்கள் வைத்துவிட்டுப் போவது பாதி! எங்கள் வீட்டு மாரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான ரகம். அதில் ஹாரனுக்குரிய ஃப்யூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. ஒரு மெக்கானிக் வந்தார். ஃப்யூஸை எடுத்தெறிந்துவிட்டு, தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தார். ஹாரன் அலறியது, வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி!

பிறகு வேறொரு வேலைக்காக வந்த பெரியவர் அதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார். "அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தின மாதிரி இருக்கிறதம்மா!" என்றார்.

வாஸ்தவந்தானே? மின்சாரம் மிதமிஞ்சிப் பாய்ந்தால் ஃப்யூஸ் தான் உருகி வண்டியைக் காக்கும். செம்புக் கம்பி லேசில் உருகாது. ஒயர்தான் சூடேறித் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்!

அரை நாள் தேடினார் பெரியவர். ஹாரனுக்குப் போகும் ஒயர், தகட்டுத் துவாரத்தில் உரசித் தோலுரிந்து கிடந்தது. புது ஒயர், துவாரத்துக்கு ஒரு ரப்பர் வளையம், 35 ஆம்பியர் ஃப்யூஸ் - அவ்வளவுதான். அப்புறம் ஃப்யூஸ் போகவேயில்லை.

ஆகவே, சகோதரிகளே! காரோ, மிக்ஸியோ, ரிப்பேராகி வந்தால், "ஓடுகிறதா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எதை எடுத்தீர்கள்? எதை வைத்தீர்கள்?" என்றும் கேட்டு வையுங்கள்.