செக்குமாட்டுக்கு இரண்டு நாள் லீவு

ஒரே பஸ், ஒரே ஜன்னலோர சீட், ஒரே டீக்கடை, ஒரே கடைசி பெஞ்ச்... கல்லூரி மாணவன் இதை "செம போர்" என்பான். வேலைக்குப் போகிறவர் "இயந்திர வாழ்க்கை" என்பார். இரண்டு பேரையும் நிறுத்தி, "சரி, ஒரு நாள் மாற்றித்தான் பாருங்களேன்" என்று சொன்னால் வருகிற பதில் மட்டும் ஒன்றுதான். "இத்தனை வருஷமா போற வழிங்க. இதைவிட நல்ல வழி இருந்தா தெரியாமலா இருக்கும்?"

தெரியாமல்தான் இருக்கும்! லண்டனில் நடந்த ஒரு ஸ்டிரைக் இதைக் காட்டிக் கொடுத்தது.

2014 பிப்ரவரி. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் இருக்கும் டிக்கெட் கவுன்டர்களை மூடப் போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. சுமார் 950 வேலைகள் போகும் என்ற நிலை. தொழிற்சங்கங்கள் 48 மணி நேர வேலை நிறுத்தத்தில் இறங்கின. பிப்ரவரி 5, 6 ஆகிய இரண்டு நாட்களும் (புதன், வியாழன்) பாதிக்கு மேற்பட்ட நிலையங்கள் மூடிக் கிடந்தன. எல்லாமே மூடியிருந்தால் ஜனங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருப்பார்கள். சில நிலையங்கள் திறந்திருந்ததுதான் வினை. ஆபீசுக்குப் போயே ஆக வேண்டும், வழக்கமான வழி இல்லை. ஒருவர் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தார், இன்னொருவர் வேறு லைனில் சுற்றிப் போனார். திட்டிக்கொண்டேதான் போயிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் பழையபடி திறந்தன. இனி என்ன, பழைய வழிதானே?

ஷான் லார்கம், ஃபெர்டினாண்ட் ரௌக், டிம் வில்லெம்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியது. லண்டன்வாசிகள் ரயிலேற ஆய்ஸ்டர் என்று ஒரு கார்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழையும்போது ஒரு தட்டு, வெளியே வரும்போது ஒரு தட்டு. எந்தக் கார்டு, எந்த நிலையம், எத்தனை மணி என்பதெல்லாம் பதிவாகிவிடும். ஸ்டிரைக்குக்கு முன்னும் பின்னும் இருந்த பதிவுகளை எடுத்து, வழி மாற நேர்ந்தவர்களையும் அப்படி நேராதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆய்வு 2017-ல் வெளியானது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை! வேறு வழியில்லாமல் மிதித்த புதிய வழியே அவர்களுக்கு நிரந்தரமாகிவிட்டது.

வெறும் ஐந்து சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்கலாம். கொஞ்சம் யோசித்தால் அது சாதாரண எண்ணிக்கை அல்ல. இவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்ல, தினமும் போய் வருகிறவர்கள். நிமிடக் கணக்குப் பார்த்து ஓடுகிறவர்கள். அவர்களிலேயே இருபதில் ஒருவர் தனக்குப் பொருந்தாத வழியில் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார், அது தெரியாமலேயே. அந்த ஐந்து சதவீதம் பேர் வருங்காலத்தில் மிச்சப்படுத்தும் நேரத்தைக் கூட்டினால், ஸ்டிரைக்கால் எல்லோருமாக இழந்த நேரத்தைவிட அது அதிகம் என்பது அந்த மூவரின் கணக்கு.

எப்படித் தெரியாமல் போனது? அங்கேதான் மேப் வருகிறது. லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற மேப்பை 1931-ல் வரைந்தவர் ஹாரி பெக் என்ற டிராஃப்ட்ஸ்மேன். 1933-ல் அச்சாகி ஜனங்கள் கைக்கு வந்தது. நேர்கோடுகள், சாய்கோடுகள், அழகான வண்ணங்கள்! பார்த்தவுடன் புரியும். ஆனால் தூரம் மட்டும் நிஜமல்ல. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே வெறும் 260 மீட்டர்தான். கோவன்ட் கார்டனில் இறங்கி, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மேலே வர நினைத்தால் 193 படி ஏற வேண்டும். பேசாமல் நடந்தே போயிருக்கலாம்! ஆனாலும் மேப்பை நம்பி ரயிலேறுகிறவர்கள் உண்டு. மேப் அதிகமாக ஏமாற்றுகிற பகுதிகளில்தான் ஸ்டிரைக்குக்குப் பிறகு வழி மாற்றியவர்களும் அதிகம் என்பது அந்த ஆய்வில் ரசிக்க வேண்டிய இடம். செக்குமாட்டுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள் அல்லவா? லண்டன்காரர்களுக்குக் கட்டிய துணி கொஞ்சம் கலர்ஃபுல், அவ்வளவுதான்.

காமர்ஸ் வகுப்பில் பொருளாதாரப் பாடம் ஆரம்பிக்கும்போதே ஒரு மனிதரை அறிமுகப்படுத்துவார்கள். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சிறந்ததை மட்டுமே தேர்ந்தெடுக்கும் மகா புத்திசாலி. பரீட்சையில் தவிர வேறெங்கும் அவரைச் சந்திக்க முடியாது. நிஜ மனிதன் "இது போதும்" என்று தோன்றிய இடத்தில் தேடலை நிறுத்திவிடுகிறான் என்று பல வருடங்களுக்கு முன்பே எழுதியவர் ஹெர்பர்ட் சைமன். 1978-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கியவர். நிறுத்துவது சோம்பேறித்தனம் அல்ல, தேடுவதற்கும் செலவு உண்டே. ஆனால் அந்தச் செலவு ஒரு நாளோடு போகிறது. நல்ல வழி கிடைத்தால் லாபமோ தினம் தினம் வருகிறது. அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறவர் புதுவழி தேடி என்ன பண்ணப் போகிறார்? முதலாண்டு மாணவனுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. அவன்தான் முதல் வாரத்தில் பிடித்த பெஞ்சையும், முதல் நாள் குடித்த டீக்கடையையும் ஃபேர்வெல் வரைக்கும் விடுவதில்லை. கணக்கு தலைகீழ்!

ஸ்டிரைக் வராத ஊரில் என்ன செய்வது? ஸ்டீவன் லெவிட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதற்கு நாணயத்தைக் கொடுத்தார். வேலையை விடலாமா, காதலை முறிக்கலாமா என்று தவித்தவர்கள் ஒரு இணையதளத்துக்கு வந்து காசு சுண்டினார்கள். தலை விழுந்தால் மாற்றம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சுண்டப்பட்டது. பெரிய விஷயங்களில் மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். காசு சுண்டும் அளவுக்கு ஏற்கனவே குழம்பியிருந்தவர்கள்தான் அங்கே வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நிம்மதியாக இருப்பவன் இதைப் படித்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம் :)

லண்டனில் ஸ்டிரைக் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? பெரும்பாலோர் கார்டு வைத்திருக்கிறார்கள், கவுன்டருக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது நிர்வாகத்தின் வாதமாக இருந்தது. ஆராய்ச்சிக்குக் கணக்குக் கொடுத்த அதே ஆய்ஸ்டர் கார்டுதான். பயணிகளுக்கு இரண்டே நாளில் பழைய வழி திரும்பக் கிடைத்தது, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கவுன்டர்கள் 2015-ல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிலர் பணம் வாங்கிக்கொண்டு விருப்ப ஓய்வில் போனார்கள். மற்றவர்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த நாற்காலியை விட்டு எழுந்து, டிக்கெட் மெஷின் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வேலைக்கு வந்தார்கள்.