சிங்கப்பூரில் ஒரு காக்டெயில் இரவு: எங்கே உட்காருவது?

சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை இரவு நிம்மதியாக உட்கார்ந்து பேச ஒரு லவுஞ்ச் தேடுகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், 'சிறந்த 50 மதுக்கூடங்கள்' மாதிரி ஒரு பட்டியலைத் திறப்பது. பட்டியலில் தப்பில்லை. ஆசிய வரிசையில் இந்த ஊருக்கு நல்ல மரியாதை உண்டு. 2020இல் முதலிடமே இங்குள்ள ஜிகர் அண்ட் போனிக்குத்தான் கிடைத்தது. ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் கோப்பைக்குள் என்ன இருக்கிறது, பரிமாறுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைத்தான் சொல்லும். நாலு பேர் மூன்று மணி நேரம் கத்தாமல் பேச முடியுமா, பில் வந்தபிறகும் நாலு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்களா என்பதெல்லாம் அதில் இருக்காது.

எந்த நாலு பேர் என்று கேட்டால், எல்லாக் கூட்டத்திலும் இருக்கும் அதே நாலு பேர்தான். ஒருத்தன் வங்கியில் நல்ல சம்பளத்தில் இருப்பான். இன்னொருத்தன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, கல்விக் கடன் கட்டிக்கொண்டிருப்பான். மூன்றாமவன் குடிப்பதில்லை. நான்காவதாக வரும் பெண்ணுக்கு வீடு உட்லண்ட்ஸில். பதினொன்றரை ஆனால் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வேடிக்கை என்னவென்றால், இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் முதலாமவன்தான். அவனுக்குத்தான் நாலு இடம் தெரியும், மெனுவில் இருக்கும் பெயர்களை வாசிக்கத் தெரியும். மற்ற மூன்று பேரும் "எங்கனாலும் ஓகே" என்று எழுதிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். ஓகே இல்லை என்பது இரவு பதினொரு மணிக்குத்தான் தெரியவரும்.

முதலில் காசு. மெனுவில் 25 வெள்ளி என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. முதல் கூட்டல் 10 சதவிகித சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி, 2024இலிருந்து 9 சதவிகிதம். அந்த வரியும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குத்தான் போடப்படும். 25 வெள்ளி முதலில் 27.50 ஆகி, பிறகு ஏறக்குறைய 30 ஆகிவிடும். ஆளுக்கு மூன்று கோப்பை என்றால் 90. கடன் கட்டுகிறவனுக்கு அது பல நாள் சாப்பாடு.

சிக்கல் அந்த 90 வெள்ளியோடும் முடிவதில்லை. "நாலா பிரிச்சுக்கலாம்டா" என்று வங்கிக்காரன் பெருந்தன்மையாகச் சொல்லும்போது, ஒரே ஒரு இஞ்சி சோடா குடித்தவன் அவனுடைய மூன்றாவது விஸ்கிக்கும் சேர்த்துக் கொடுக்கிறான். அந்த நேரத்தில் வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அடுத்த மாதம் "கொஞ்சம் வேலை இருக்குடா" என்று ஒரு செய்தி வரும். அதற்கடுத்த மாதமும் அதே. அப்புறம் அவனைக் கூப்பிடுவதே நின்றுவிடும். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரு சண்டைகூடப் போடாமல், ஒரு பில்லுக்குக் கீழே பிரிந்துபோவது இப்படித்தான். வங்கிக்காரனுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது. 'ரொம்ப மாறிட்டான்' என்று நினைத்துக்கொள்வான்.

ஆகவே, தனித்தனி பில் தருவார்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. முடியாது என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் அவரவர் கவுண்டரில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் இடம் தேவலை. சாயங்காலம் விலை குறைத்துக் கொடுக்கும் நேரம் இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். பல இடங்களில் உண்டு, எட்டு மணிவாக்கில் முடிந்துவிடும். சாப்பாட்டை லவுஞ்சில் வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கேட்கும் விலையில் மேக்ஸ்வெல் உணவங்காடியில் ஒரு ஆள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாம். ஆன் சியாங் ஹில்லும் கியோங் சைக் சாலையும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

அடுத்தது குடிக்காதவன். இவனைப் பற்றி யோசிக்கும்போது ராஃபிள்ஸ் ஹோட்டல் கதை ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. சிங்கப்பூர் ஸ்லிங் என்ற இளஞ்சிவப்பு பானத்தை 1915இல் ஞியாம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் அங்கே உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் கதை. ஆண்டையும் செய்முறையையும் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது அழகல்ல என்று கருதப்பட்ட காலம் அது. ஜின்னோடு செர்ரி மதுவும் அன்னாசிச் சாறும் எலுமிச்சையும் கலந்து, பார்ப்பவர்களுக்குப் பழச்சாறு போலத் தெரியும்படி கொடுத்தாராம். அதாவது, குடிக்கிறவள் குடிக்காதவள் மாதிரி இருக்க ஒரு வேஷம்.

இன்றைக்கு வேஷம் தலைகீழாகத் தேவைப்படுகிறது. குடிக்காதவன் கையில் ஒரு கோக் டின்னோடு உட்கார்ந்திருந்தால் "ஒரு சிப் மட்டும்டா, ஒண்ணும் ஆகாது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மதமா, உடம்பா, அப்பா குடித்துச் சீரழித்த வீடா, காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதை மேசைக்கு மேசை விளக்கிக்கொண்டிருக்க அவனுக்கு அவசியமில்லை. மது இல்லாத பானங்களுக்கு மெனுவில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, அதே கண்ணாடிக் கோப்பையில், அதே அக்கறையோடு கலக்கித் தரும் இடங்கள் இப்போது நிறையவே இருக்கின்றன. கோப்பை ஒரே மாதிரி இருந்தால் கேள்வியே எழாது. ஒரு லவுஞ்ச் தேறுமா தேறாதா என்று பார்க்க இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும். 'ஆரஞ்சு ஜூஸ், கோக், சோடா' என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் வேறு இடம் பார்ப்பது உத்தமம்.

ராஃபிள்ஸ் லாங் பாருக்கே போகலாமே என்றால், தாராளமாக, ஒரு முறை. குப்பை போட்டால் அபராதம் போடும் ஊரில், வேர்க்கடலைத் தோலை உரித்துத் தரையில் போடுவதற்கு அனுமதி உள்ள இடம் என்பதற்காகவாவது போகவேண்டும். ஆனால் ஸ்லிங் ஒன்றுக்கு முப்பது வெள்ளிக்கு மேல் ஆகும், சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்பார்கள். நிதானமாகப் பேச அது இடமல்ல.

புகிஸ் பக்கம் பார்க்வியூ ஸ்குவேர் கட்டடத்தில் 2017இல் தொடங்கிய அட்லஸ் இன்னொரு ரகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜின் வகைகளை அடுக்கிய ஒரு கோபுரமே உள்ளே நிற்கிறது. (அதற்கு முன் அங்கிருந்த ஒயின் பாரில், தேவதை வேஷம் போட்ட பெண்கள் கம்பியில் பறந்துபோய் மேல் தட்டிலிருந்து பாட்டில் எடுத்து வருவார்கள். நம்பக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை.) கூரை உயரம், இருக்கைகள் அகலம், பேச்சு காதில் விழும். மாலையில் அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் போகமுடியாது என்பதை மட்டும் நாலு பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசலில் ஒருத்தன் மட்டும் திருப்பி அனுப்பப்படுவதைப் போன்ற அவமானம் வேறில்லை.

பெயர்ப்பலகையே இல்லாத மறைவு பார்களும் இங்கே பிரபலம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது ஒளிந்து குடித்த இடங்களின் பாவனை அது. சிங்கப்பூரில் 2011இல் வந்த 28 ஹாங்காங் ஸ்ட்ரீட் அந்த வகைக்குப் பேர் போனது. கதவைக் கண்டுபிடிப்பது சுவாரஸ்யம்தான். ஆனால் பழைய கடைவீடுகளில் இருக்கும் பார்கள் பல நீளமான, குறுகலான அறைகள். இருக்கைகளில் பாதி கவுண்டரை ஒட்டியே இருக்கும். கவுண்டர் இரண்டு பேருக்கானது. நாலு பேர் அங்கே வரிசையாக உட்கார்ந்தால், இந்தக் கோடியில் இருப்பவனுக்கு அந்தக் கோடியில் இருப்பவள் சொன்ன ஜோக் நாளைக்குத்தான் வந்து சேரும். வட்டமோ சதுரமோ, ஒரு மேசை வேண்டும். அது ஒலிபெருக்கிக்குக் கீழே இருக்கக் கூடாது.

இந்தக் கடைவீட்டுத் தெருக்கள் தமிழர்களுக்கு அந்நியமானவையும் அல்ல. கியோங் சைக் சாலையில் மதுக்கூடங்களுக்கு நடுவே லயன் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. அதற்குப் பக்கத்து அமோய் தெருவில், விஜய் முதலியார் 2016இல் நேட்டிவ் என்ற பாரைத் தொடங்கி, இந்த வட்டாரத்தின் பொருள்களை மட்டுமே வைத்துக் கலக்கிப் பெயர் வாங்கினார். எறும்பு போட்ட காக்டெயில் அங்கே ரொம்பப் பிரசித்தம். வாயில் போட எல்லோருக்கும் தைரியம் வராது, அது தனிக்கதை.

கடைசியாக நேரம். இதைத்தான் அதிகம் பேர் மறப்பார்கள். 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மதுவை வாங்கிச் செல்ல முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. 2013 டிசம்பர் கலவரம் நடந்த தேக்காவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. எனவே பாரிலிருந்து கிளம்பி, ஆற்றோரம் ஆளுக்கொரு பியரோடு உட்கார்ந்து மீதிக் கதையைப் பேசலாம் என்ற திட்டம் இங்கே எடுபடாது. லவுஞ்ச் மூடினால் இரவு முடிந்தது. விரைவு ரயிலும் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். வார இறுதியில் ஓடிய நள்ளிரவுப் பேருந்துகளை 2022இல் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகைக்கு மேல் 50 சதவிகிதம் கூடுதல். உட்லண்ட்ஸ் வரை போவதென்றால் இன்னொரு காக்டெயிலின் விலைக்கு மேலேயே ஆகும். காரை எடுத்து வந்தவன் "நான் விடுறேன் வா" என்று சொன்னால், அவன் என்ன குடித்தான் என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். 60 மில்லி ஜின் ஊற்றிய ஒரே கோப்பையில் கிட்டத்தட்ட 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. சாதாரண பியர் டின் ஒன்றைவிட அது அதிகம், இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது.

2022 நவம்பரில் மேக்ஸ்வெல் ரயில் நிலையம் திறந்தபிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. அங்கிருந்து உட்லண்ட்ஸுக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். ஆறரைக்கு உணவங்காடியில் சாப்பாடு, ஏழரைக்குப் பக்கத்தில் எங்காவது நாலு பேர் மேசை. அந்த 'எங்காவது' எது என்பதை இந்த முறை கடன் கட்டுகிறவனிடமும் உட்லண்ட்ஸ்காரியிடமும் விட்டுப்பார்க்கலாம். முன்பதிவுக்குப் போன் போடும்போது அவர்கள் கேட்கவேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி: மேசை எத்தனை மணி நேரத்துக்கு? சில இடங்களில் இரண்டு மணி நேரம் ஆனதும் புன்னகையோடு பில்லைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.