இருமா பத்து ஒரு வேலி

ஆய்வகத்தில் சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் போட்டேன். எங்க ஊர் நிலக்கணக்குதான். இருபது மா ஒரு வேலி. ஆக, இருமா என்பது 0.1 வேலி. அதைப் பத்து தடவை கூட்டி, "ஒரு வேலி ஆச்சா?" என்று கேட்டேன். "இல்லை" என்றது கணிப்பொறி! அச்சடித்தால் 1.000000 என்று நல்ல பிள்ளையாகக் காட்டுகிறது. பதினாறு தசம இடம் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது: 0.9999999999999999.

தாத்தாவிடம் சொன்னேன். அவர் கைநாட்டு. "பத்து இருமா ஒரு வேலிடா. இதுகூடத் தெரியாத மிஷினுக்கா இம்புட்டு கரண்டு?" என்றார்.

பாவம், அதற்குப் பாதி பாதியாக வெட்டத்தான் தெரியும். அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் சரியாக வரும். மாவிலும் காணியிலும் (1/80) ஐந்து கலந்திருக்கிறது. எத்தனை தடவை பாதியாக்கினாலும் தீராது. ஓரிடத்தில் வெட்டிவிட வேண்டியதுதான். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைக் கோட்டைவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அது நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது, 24 பிட்டில். 100 மணி நேரம் ஓடியதில் 0.34 நொடி பிசகு. அங்கேயும் இதே இருமாதான்!

2008-ல் ஐ.இ.இ.இ. 754 தரத்தில் பத்தடிமான மிதவைப் புள்ளியும் சேர்ந்தது. ஆனால் நாங்கள் ஆய்வகத்தில் எழுதும் 'டபுள்' இரண்டடிமானம். சரி, நாமே ஒரு மொழி செய்வோமே என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன் (ரெக்கார்டு நோட்டு அப்படியே கிடக்கிறது!). அடிப்படை அலகு முந்திரி, அதாவது 1/320. வேலி 320, அரை 160, வீசம் 20, மா 16, காணி 4. எல்லாமே முழு எண். ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் பெருக்கினால் 320. அதனால்தான் இரு சாதிப் பின்னமும் அதில் அடங்குகிறது. இன்னும் நுணுக்கம் வேண்டுமா? முந்திரியையும் 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, 1/1,02,400. 'கீழ்' என்ற ஒரு சொல்லே புள்ளியை நகர்த்திவிடுகிறது. மிதவைப் புள்ளியில் அடுக்கெண் செய்வதும் அதுதானே?

மூன்றில்தான் மாட்டிக்கொண்டேன். எங்களுக்கு இருக்கிற நிலமே இருமா. அப்பாவும் சித்தப்பா ரெண்டு பேரும் பங்காளிகள். 32 முந்திரியை மூன்றாக வகுத்தால் ஆளுக்குப் 10, இரண்டு மிஞ்சும். அரைக்காணி! பன்னிரண்டரைக் குழி! அதை என் மொழியும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது.

தாத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. "மீதி எவ்வளவுன்னு மொதல்ல மூணு பேருக்கும் சொல்லணும்டா தம்பி. யாருக்குங்கறது அப்புறம். ஒத்தக் குழிக்கு வரப்பை வெட்டுனவங்க இருக்காங்க."

அன்று ராத்திரியே வகுத்தல் விதியை அடித்துத் திருத்தினேன். இப்போது இரண்டு விடை வருகிறது: பங்கு 10, மீதி 2.