உறுமுகிற வரைக்கும் நல்லது

நாய் உறுமினால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: அதட்டுவோம். அடங்கிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைப்போம். தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போது மணிக்குப் போகும் கம்பியை வெட்டிவிட்டுத் தூங்கப்போவது போலத்தான் இது. சத்தம் நிற்கும், தீ நிற்காது. 'திடீர்னு கடிச்சிருச்சு' என்று சொல்லப்படும் நாய்களில் பல, முன்பு எச்சரித்துப் பார்த்து அதற்காகவே அடி வாங்கியவை.

சிராங்கூனில் என் அத்தை வளர்க்கும் ஜிம்மி ஒரு 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. கலப்பினத் தெருநாய்களுக்கு இங்கே அதுதான் செல்லப்பெயர். வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். 2012இல் 'அடோர்' திட்டம் வந்த பிறகுதான் ஜிம்மி போன்றவற்றுக்கு வீவக வீட்டுக் கதவு திறந்தது. 2020இல் 15 கிலோ எடை வரம்பை எடுத்துவிட்டு, உயர வரம்பை 50 சென்டிமீட்டரிலிருந்து 55 ஆக்கினார்கள்.

கதவு திறந்தது சரி. ஆனால், வெளியில் வளர்ந்த நாய்க்குப் பயம் வந்தால் அதற்குத் தெரிந்த மருந்து தூரம், விலகி ஓடிவிடும். அடுக்குமாடியில் தூரத்துக்கு எங்கே போவது? லிஃப்ட் திறந்தால் மூக்குக்கு நேரே ஆள். ஞாயிறு சாயங்காலம் தேக்கா பக்கம் கால் வைக்க இடமிருக்காது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பும் சாலை இது. கழுத்தில் கயிறு இருப்பதால் ஓடவும் முடியாது. மிஞ்சுவது உறுமல்.

முதலில் வந்த பயிற்சியாளர், "நீங்கதான் பாஸ்னு காட்டணும்" என்று, உறுமும்போதெல்லாம் சங்கிலியைச் சுண்டச் சொன்னார். இரண்டே வாரத்தில் ஜிம்மி உறுமுவதை நிறுத்தியது. மூன்றாவது வாரம், லிஃப்டில், சத்தமே இல்லாமல் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கையைக் கடித்தது. "ஊசி போட்டு அனுப்பிடு" என்றார்கள் சொந்தக்காரர்கள். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த 'பாஸ்' கதைக்கு மூலம் ஓநாய். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது. அந்தக் கருத்தை 1970இல் தன் நூல் மூலம் பரப்பிய டேவிட் மெக், 1999இல் அவரே திருத்தினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், தலைமைக்கு அங்கே சண்டை நடப்பதில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஜிம்மியைத் தொடவே இல்லை. அத்தை கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். யாரைப் பார்த்து, எத்தனை அடி தூரத்தில் உடம்பு விறைக்கிறது என்று எழுதச் சொன்னார். ஆளைப் பார்த்தும் பதறாத தூரத்தில் நிற்க வேண்டும். ஆள் தெரிந்தால் கோழித்துண்டு. மறைந்தால் அதுவும் நிற்கும். பயம் தந்த முகம், தீனி வரப்போகும் அடையாளமாக மெதுவாக மாறும். பிறகு ஓரடி நெருங்கலாம். வாய்க்கூட்டைக்கூட அப்படித்தான், உள்ளே தீனி வைத்துப் பழக்கினார். 2022இல் இங்கே வெளியான நாய்ப் பயிற்சி வழிகாட்டிகளும் நாய்க்கு மிகக் குறைந்த துன்பம் தரும் வழியையே முதலில் நாடச் சொல்கின்றன.

மாறியது பெரும்பாலும் அத்தையின் நாள்தான். விடிகாலை ஐந்தரைக்கு நடை. லிஃப்டுக்குப் பதில் ஐந்து மாடிப் படி, முட்டிவலியோடு. "நாய்க்குப் பயிற்சின்னு சொல்லிட்டு எனக்குல்ல குடுக்குறாங்க தம்பி" என்பார்.

எட்டு மாதமாகிறது. குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றும் வாய்க்கூடு இல்லாமல் வெளியே போவதில்லை. கடிபட்ட பெரியவர் எதிரே வந்தால், "நீ முன்னால போம்மா" என்று ஒதுங்கி நிற்கிறார். அந்தப் பத்தடியை அவர் தராவிட்டால் எந்தப் பயிற்சியும் நிற்காது.

போன வாரம் படிக்கட்டில் டெலிவரிக்காரர் ஒருவர் திடுதிப்பென்று வந்தார். ஜிம்மி உறுமியது, பல மாதங்களுக்குப் பிறகு. அத்தை அதட்டவில்லை. "சரிடா, சொல்லிட்டல்ல, வா" என்று நாலு படி மேலே ஏறி நின்றுகொண்டார்.