மலை நிழலில் ஒரு வெந்நீர்த் தொட்டி

திருவண்ணாமலையில் தண்ணீரைச் சூடாக்க வெயிலைப் பிடிக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. பங்குனி பிறந்துவிட்டால் மாடித் தொட்டித் தண்ணீரில் மதியம் கை கழுவ முடியாது. சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். "சார், குளிர வைக்கிற மிஷின் ஏதாவது கண்டுபிடிங்க, உங்களுக்குக் கோயில் கட்டறோம்" என்று எங்கள் தெரு டீக்கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதும் பாதி நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி பிறக்கட்டும். பின்கட்டில் மூடிக் கிடக்கும் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் 24 டிகிரி காட்டும். 24 என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. அறுபத்தெட்டு வயதில், இரண்டு முட்டியும் தேய்ந்துபோன ஒருத்தி அதில் இறங்கி இருபது நிமிஷம் நிற்க வேண்டும் என்றால் அது பெரிய எண்.

என் மனைவி இருபத்திரண்டு வருஷம் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவள். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல். கடைசி ஐந்து வருஷமாக வாசல் படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறாள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் இருதயத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு பிறகு செய்வோம் என்று டாக்டர் தள்ளிப் போட்டார். அந்த இடைக்காலத்துக்குப் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு வழி சொன்னாள். "அம்மாவைத் தண்ணிக்குள்ள நடக்க வைங்க சார். நெஞ்சு வரைக்கும் தண்ணி இருந்தா உடம்பு எடையில மூணுல ஒரு பங்குதான் கால்ல இறங்கும். ஆனா தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். ஜில்லுன்னு இருந்தா தசை இறுகிக்கும்." இந்த மாதிரிச் சிகிச்சைக்கு வைக்கும் குளங்களில் 33 முதல் 35 டிகிரி வரை வைப்பார்கள்.

நீச்சல் குளம் இருக்கும் விடுதிகள் ஊரில் இருக்கின்றன. அங்கே போய்ப் புடவையோடு இறங்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வாரம் ஐந்து நாள் ஆட்டோ பிடிக்க வசதிப்படவில்லை. வீட்டில் ஒரு தொட்டி இருந்தது. வீடு கட்டும்போது தண்ணீர் தேக்கக் கட்டியது, பத்தடிக்கு ஆறடி, நாலடி ஆழம். 2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது மாடித் தண்ணீரை அதில் விழும்படி திருப்பினேன். மூன்றரை அடி நிரப்பினால் ஏறக்குறைய 6,000 லிட்டர். உள்ளே பூசி, நாலு படி கட்டி, இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி வைத்தாயிற்று. மீதி இருந்தது சூடு மட்டும்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நான் வேளாண்மைப் பொறியியல் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன், கணக்கு போடாமல் தூக்கம் வராது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி. 6,000 லிட்டரை 6 டிகிரி ஏற்ற 36,000 கிலோகலோரி. மின்சாரத்தில் சொன்னால் சுமார் 42 யூனிட். அது முதல் நாள் மட்டும். பிறகு ஒவ்வொரு ராத்திரியும் இறங்கும் சூட்டைத் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் யூனிட் 10 ரூபாய் தாண்டும் படிக்கு நம் மீட்டர் ஓடிப் போய்விடும். ஓய்வூதியத்தில் நடக்கிற காரியமில்லை.

விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட ஒரு சோலார் கம்பெனிப் பையன் வந்தான். மாடி முழுக்க மின்சாரப் பேனல், அதில் வரும் கரண்டில் உள்ளே ஒரு ஹீட்டர் என்று படம் போட்டுக் காட்டினான். இந்த இடத்தில் நம் ஆட்கள் பலர் குழம்புகிறார்கள். சோலார் என்றாலே நீலக் கண்ணாடிப் பலகைதான் என்று நினைப்பு. அந்தப் பலகை தன் மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். விளக்கு எரிக்கவும் மோட்டார் ஓட்டவும் அதுதான் வேண்டும். தண்ணீரை நாலைந்து டிகிரி ஏற்றுவதற்கு அது வேண்டாம். ஒரு கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் போதும். தன் மேல் விழுவதில் பாதியையாவது தண்ணீருக்குக் கொடுத்துவிடும்.

இன்னொரு நண்பர், அவரும் ஓய்வுபெற்றவர், கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர் போடு என்றார். அது நூறு இருநூறு லிட்டரைக் குளிக்கும் வெந்நீராக்கக் கட்டியது. வெளிக்காற்றைவிட முப்பது டிகிரி அதிகமாகச் சூடேற்றுவதால் சூடு வெளியே ஓடாமலிருக்கக் கண்ணாடியும் வெற்றிடமும் தேவை. என் தண்ணீர் மதியக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதல். சூடு வெளியே ஓட அவசரப்படாது. அப்புறம் எதற்குக் கண்ணாடி? தவிர, நம் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் உப்பு படிந்து இரண்டு வருஷத்தில் அடைத்துக்கொள்ளும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் குழாய் விற்கிற கடையில் 32 மில்லிமீட்டர் கறுப்பு பாலிதீன் குழாய் வாங்கினேன், 50 மீட்டர் சுருளாக ஆறு. "எத்தனை ஏக்கர் சார்?" என்று கேட்டார் கடைக்காரர். "அரைக்கால் சென்ட்" என்றேன். அவர் பில் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆறு சுருளையும் மாடியில் கொசுவர்த்தி மாதிரி சுற்றிப் படுக்க வைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 300 மீட்டருக்குத் தள்ள மோட்டார் திணறும். அதனால் ஆறுக்கும் தனித்தனி வாய், வெளியே வருவது ஒரே குழாய். தண்ணீரைத் தள்ள சின்ன டிசி பம்பு, அதற்கு மட்டும் 100 வாட் மின்சாரப் பேனல் ஒன்று, நேரடி இணைப்பு. பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை, டைமர் இல்லை. வெயில் வந்தால் பம்பு ஓடும், மேகம் மறைத்தால் நிற்கும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓடுகிற வேலைக்காரன் இதைவிட எங்கே கிடைப்பான்! கைப்பிடி, பூச்சு வேலை தவிர மொத்தம் 38,000 ரூபாய் ஆயிற்று.

பார்க்க வருகிறவர்கள் தொட்டியில் விழும் குழாயில் கை வைப்பார்கள். "சுடவே இல்லையே!" என்று முகம் சுளிப்பார்கள். சுடக் கூடாது என்பதுதான் விஷயம். மூன்று டிகிரி மட்டும் கூடுதலாக, ஆனால் நிறையத் தண்ணீர், ஆறு மணி நேரம். குழாய் கொதித்தால் அந்தச் சூடு காற்றுக்குத்தான் போகும்.

இப்போது மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஈசான்ய லிங்கத்தை ஒட்டிய பக்கம், அதாவது மலைக்கு வடகிழக்கே. மார்கழியில் சூரியன் தென்மேற்கில் இறங்குவான். 2,668 அடி அண்ணாமலை சரியாகக் குறுக்கே நிற்கும். ஊருக்கெல்லாம் ஆறு மணிக்கு இருட்டும்போது எங்கள் மாடிக்கு நாலே முக்காலுக்கே நிழல் வந்துவிடும். கிரிவலப் பாதையில் சூரிய லிங்கம் இருக்கிறதல்லவா, மலைக்கு மேலே போன சூரியன் ஒளி இழந்து, பிறகு வழிபட்டு மீண்டதாகத் தலபுராணக் கதை. எங்கள் மாடியில் தினமும் அந்தப் பாதிக் கதை நடக்கிறது. எனவே சுருள்களைக் காலை வெயில் முதலில் விழும் கிழக்குப் பாதியில், கைப்பிடிச் சுவர் நிழல் எட்டாத தூரத்தில் வைத்தேன். ஏழரைக்குப் பம்பு முனகத் தொடங்கும்.

வெயிலை இப்படி வேலை வாங்குவது புதிதும் இல்லை. பம்பாயில் வேலை பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி இயந்திரம் ஓட்டிக் காட்டி, வெப்ப நாடுகளுக்கு விறகும் கரியும் எதற்கு என்று 1878-இல் புத்தகமே போட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் நீச்சல் குளத்து நீரை வெதுவெதுப்பாக வைத்ததில் வெயிலுக்குப் பங்கு உண்டு. அவ்வளவு தூரம் எதற்கு, ஆரோவில் சூரிய சமையலறைக் கூரையில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அது பிடிக்கும் வெயிலில் நீராவி செய்து பெருங்கூட்டத்துக்குச் சமைக்கிறார்கள். பணியில் இருந்தபோது ஒருமுறை போய்ப் பார்த்தேன். அந்தச் சாப்பாட்டின் உப்புக் குறைவு இன்றும் நினைவிருக்கிறது.

ஆனால் சூடு ஏற்றுவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. திறந்த தண்ணீர் சூட்டை இழப்பது பெரும்பாலும் ஆவியாகித்தான். என் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் மீதி அத்தனைக்கும் அரை டிகிரி இறங்கிவிடும். மார்கழிக் காற்றில் மூடாமல் விட்டால் பகலில் ஏறிய மூன்று டிகிரியும் விடிவதற்குள் போய்விடும். பொருள் சுற்றி வருமே குமிழ் வைத்த பிளாஸ்டிக், அதையே கெட்டி ரகமாக வாங்கித் தண்ணீர் மேல் மிதக்கவிட்டு, அதற்கு மேல் தார்ப்பாய் கட்டினேன். இப்போது ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிதான் இறங்குகிறது. தொடர்ந்து ஐந்து நாள் வெயில் அடித்தால் 24 என்பது 32-ஐத் தொடும். புயல் சின்னம் என்று வானொலியில் சொன்னால் அந்த வாரம் முட்டிக்கு ஓய்வு.

மூடியதில் இன்னும் இரண்டு லாபம். டெங்கு பார்க்க வருகிற பெண்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போகிறார்கள். இரண்டாவது, பேரக்குழந்தைகள். தார்ப்பாய்க்கு மேல் கம்பிக் கதவு போட்டு, பூட்டுச் சாவியை என் பூணூலில் கட்டாத குறையாக வைத்திருக்கிறேன். வீட்டில் தொட்டி வைப்பவர்கள் குழாய் வாங்குவதற்கு முன்னால் பூட்டு வாங்க வேண்டும்.

டீக்கடைக்காரர் கேட்டது என்ன ஆயிற்று என்றால், சித்திரையில் தொட்டித் தண்ணீர் தானாகவே 34-க்கு மேல் போகப் பார்க்கும். அப்போது பகலில் பம்பைக் கழற்றிவிட்டு, ராத்திரி ஒரு அடாப்டரில் ஓட்டுகிறேன். அதே கறுப்புக் குழாய் பகலில் வாங்கிய மாதிரியே ராத்திரி வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிடும். விடியற்காலையில் இரண்டு டிகிரி குறைந்திருக்கும். கோயில் கட்டும் அளவுக்கு இல்லை, ஒரு டீ கொடுத்தார்.

எல்லாம் சரி, பக்கத்து வீட்டு அம்மாவின் கேள்விக்குத்தான் கணக்கு போட முடியவில்லை. தொட்டி நிரம்பிய முதல் வாரமே மதில் வழியாக எட்டிப் பார்த்து, "கோடையில லாரித் தண்ணிக்கு நாங்க குடத்தோட நிக்கிறோம். இங்க ஆறாயிரம் லிட்டர்ல ஒருத்தங்க நடந்துட்டு இருக்கீங்க" என்றார். கோபமாக இல்லை, பார்த்ததைச் சொல்வது போல. என் மனைவி அன்று படியிலிருந்து ஏறிவிட்டாள். இரண்டு நாள் இறங்கவில்லை.

மழைத் தண்ணீர்தான், போர் தண்ணீர் இல்லை என்றேன். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மீட்டர் மழை விழுந்தால் தொண்ணூறாயிரம் லிட்டருக்கு மேல். அதில் ஆறாயிரம்தான் தொட்டிக்கு, மீதியெல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது என்றேன். பிளீச்சிங் பவுடர் கொஞ்சமாகத்தான் போடுகிறோம், மாற்றும்போது நாலு நாள் திறந்து வைத்துத் தென்னைக்கு விடுகிறோம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டதில் தப்பில்லை. இந்த ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் யாரையும் கேட்கலாம்.

மூன்றாம் நாள் நான்தான் கட்டாயப்படுத்தி இறக்கினேன். மார்கழி, தை, மாசி, மூன்று மாதம் வாரத்துக்கு ஐந்து நாள், காலை பதினொன்றரைக்கு. முன்னால் நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, கைப்பிடியைப் பிடித்து முட்டியை மடக்குவது. தேய்ந்த எலும்பு திரும்ப வளராது, அதை டாக்டரும் சொன்னார், அவளுக்கும் தெரியும். ஆனால் தொடைத் தசை கெட்டிப்பட்டது. வலி மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. பங்குனியில் ஒரு நாள், பௌர்ணமிக் கூட்டமில்லாத சாதாரண செவ்வாய்க்கிழமை, ஆட்டோவில் குபேர லிங்கம் வரை போய் அங்கிருந்து ஈசான்யம் வரை நடந்தாள். வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன். வீட்டுக்கு வந்து, "மீதியை அப்புறம் பாத்துக்கலாங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் முட்டி வலி. போன வருஷத்திலிருந்து வாரம் இரண்டு நாள் அவரும் இறங்குகிறார். இரண்டு பேரும் தண்ணீருக்குள் நடந்துகொண்டே பேசுகிற பேச்சில் தெருவில் ஒரு வீடு தப்பாது. கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. போன வாரம் நெஞ்சளவு வெதுவெதுத் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்: "இந்த வருஷம் மழை பொய்ச்சுட்டா என்ன பண்ணுவீங்க சார்?"

"நிரப்ப மாட்டேம்மா" என்றேன்.

என் மனைவி காதிலும் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் அந்தச் சுவர் வரை நடந்து திரும்பி வந்தாள்.